ஒரே அளவு ஜாக்கெட், ரெண்டு உடம்பு

1

தீபாவளிக்கு அக்கா அனுப்பின பார்சல் வந்து சேர்ந்துச்சு. ஒரு புடவை, ஒரு டப்பா வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலையை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்), தைச்ச ஜாக்கெட் ஒண்ணு. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீட்டுச் சீர் அனுப்பற வேலைய மல்லிகாக்காவே எடுத்துக்கினா. திண்டிவனம் பக்கத்து ஒலக்கூர்ல இருந்து கனடாவுக்கு, இத்தனை வருஷத்துல ஒரு தீபாவளி தப்பினது இல்ல.

இதப் படிக்கற பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆம்பளைங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் ஜாக்கெட் தைக்கக் குடுக்கறப்போ டெய்லர் டேப்பு வெச்சு மாருல அளவெடுக்க விடமாட்டோம். நல்லாப் பொருந்தற பழைய ஜாக்கெட் ஒண்ணைத் துணியோட சேர்த்துக் குடுத்துடுவோம். அதுதான் அளவு ஜாக்கெட். டெய்லர் அதைப் பிரதி எடுக்கற மாதிரி எடுப்பான். நானும் அக்காவும் வயசுக்கு வந்த காலத்துல இருந்து ஒரே அளவு. அவ ஜாக்கெட்டை நான் போட்டுக்கினு காலேஜுக்குப் போவேன், என்னோடத அவ போட்டுக்கினு கல்யாணத்துக்குப் போவா. அதனால நான் கனடா வந்த பிறகும் எனக்குன்னு அளவு ஜாக்கெட் எதுவும் ஊர்ல இல்ல. அவளோடதுதான் எனக்கும்.

இந்தத் தடவை போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் தொளதொளன்னு நின்னுச்சு. திண்டிவனத்து டெய்லரை நல்லா நாலு வார்த்தை திட்டினேன். அப்பால கழட்டி உள்பக்கம் திருப்பிப் பார்த்தா, தையல்ல ஒரு கோணல் இல்ல. இடது பக்கத்தை மட்டும் வேணும்னே அகலமா வெட்டித் தைச்சிருக்கான். என் பொண்ணு கீர்த்தனா சோபாவுல படுத்துக்கினு போனைப் பார்த்துக்கினு இருந்தா. "சைஸ் தப்பா வந்தா ரிட்டர்ன் போட்டுடும்மா" அப்படின்னா. இந்த ஊர்ல பொறந்த பிள்ளை, அதுக்கு வேற என்ன தெரியும்.

டெய்லர் தானா எதையும் மாத்தமாட்டான். குடுத்த ஜாக்கெட் எப்படி இருக்குதோ அப்படித்தான் தைப்பான். அப்படின்னா அக்காவோட ஜாக்கெட்டே இடது பக்கம் பெருசா இருக்குது.

2

போன் போட்டேன். அக்கா முதல்ல டெய்லருக்குக் கண்ணு தெரியலைன்னா. அடுத்து, துவைச்சதுல துணி இழுத்துக்கிச்சுன்னா. ஒரு பக்கம் மட்டும் எப்படிக்கா இழுத்துக்கும்னு கேட்டதும், மாடு கத்துது, அப்புறம் பேசறேன்னா. நான் விடல. கடைசியில சொன்னா. பொங்கலுக்கு முன்னாலேர்ந்து இடது மாருல கல்லு மாதிரி ஒண்ணு இருக்குதாம். வலி இல்லையாம். ஜாக்கெட் உறுத்துச்சாம், அவளே தையலைப் பிரிச்சு, உள்ளே விட்டு வெச்சிருந்த துணியை இழுத்துக் கையால தைச்சுக்கினாளாம். அதையே அளவுக்கும் குடுத்துட்டாளாம்.

பொங்கல்லேர்ந்து தீபாவளி வரைக்கும்! வாரா வாரம் வீடியோ கால்ல பேசறோம். மழை வரலைன்னு சொல்லியிருக்கா, பன்னி வந்து கொல்லைக் காட்டுல மல்லாட்டையக் கிளறிட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கா, பக்கத்து வூட்டுக்காரி எருமை வாங்கினதைச் சொல்லியிருக்கா. இதைச் சொல்லல.

டாக்டர்கிட்ட காட்டினியான்னு கேட்டேன். காட்டினாளாம். வழக்கமா சுகருக்குப் போற திண்டிவனம் கிளினிக்குல சொன்னாளாம். அந்த டாக்டர் தலையை நிமிர்த்தாமயே, சுகர் இவ்வளவு ஏறிக் கெடக்குது, உடம்புல கண்டதும் வீங்கும், முதல்ல வாயைக் கட்டுங்கன்னு எழுதிக் குடுத்தாராம். தொட்டுப் பார்த்தாரான்னு கேட்டேன். இல்லையாம். அந்த ரூமுல நர்சம்மா யாராவது இருந்தாங்களா, அவங்களாவது பார்த்தாங்களான்னு கேட்டேன். அவங்க அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்களாம்.

உடனே விழுப்புரம் போய் மேமோகிராம் எடுன்னேன். அப்போ அவ சொன்னதுதான் என்னை இன்னைக்கு வரைக்கும் எரிய வெச்சிக்கினு இருக்குது.

"அதான் உனக்கு எடுத்தாச்சே வசந்தி. ஒண்ணும் இல்லைன்னுதான வந்துச்சு. எனக்கும் உனக்கும் ஒரே அளவு. அப்புறம் நான் வேற எதுக்குப் போய் அங்க நிக்கணும்?"

3

அவ சொன்ன அந்த டெஸ்ட் கதையையும் சொல்லிடறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால இங்க எனக்கு மேமோகிராம் எடுத்தாங்க. ஐம்பது தாண்டினா கூப்பிட்டு எடுக்கறது இங்க வழக்கம். அப்பால தபால்ல ஒரு கடிதாசி வந்துச்சு. புத்துநோய் எதுவும் தெரியலை. ஆனா உங்க மார்பு அடர்த்தி அதிகம், அடர்த்தி அதிகமா இருந்தா கட்டி இருந்தாலும் படத்துல மறைஞ்சுக்கும், உங்க டாக்டர்கிட்ட பேசிக்குங்க. அவ்வளவுதான். பயத்தைக் கிளப்பி விட்டுட்டு, பேசிக்கோன்னு அனுப்பிட்டாங்க.

கீர்த்தனாதான் படிச்சுச் சொன்னா. மாருல கொழுப்பும் இருக்குமாம், பால் சுரப்பியும் நார் மாதிரி சதையும் இருக்குமாம். கொழுப்பு படத்துல கறுப்பா விழும், மத்தது வெள்ளையா விழும். கட்டியும் வெள்ளைதான். வெள்ளையில வெள்ளையத் தேடினா எங்க கிடைக்கும்? பனிக்காலத்துல இங்க வாசல்ல தவறவிட்ட வெள்ளை உறையை நான் ஒரு காலை முழுக்கத் தேடியிருக்கேன், எனக்கு நல்லாவே புரிஞ்சுச்சு.

டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டேன். மார்புன்னு சொல்ல எனக்கு இங்கிலீஷ்லயும் கூச்சம். செஸ்டுல பிராப்ளம்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பொண்ணு பதறிப்போய், மூச்சு விட முடியுதா, இடது கை இழுக்குதா, ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமான்னு கேட்டா. முதியோர் இல்லத்துச் சமையல்கட்டுல வேலை செய்யறவ நான், மதியச் சாப்பாட்டுத் தட்டுங்களை அடுக்கிக்கினே பேசறேன், மாரடைப்பு வந்தவ மாதிரியா இருக்கும் என் குரலு? கூட வேலை செய்யற பொம்பளைங்க முன்னாடி அந்த வார்த்தையக் கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் டாக்டரைப் பார்த்தா, உங்க அடர்த்தி ரொம்ப ரொம்ப அதிகம் இல்ல, அதுக்கு ஒரு படி கீழ, அதனால அல்ட்ராசவுண்டு தானா கிடைக்காதுன்னாரு. விடாமக் கேட்டு, போன வருஷம் மறுபடி கேட்டு, இந்த வருஷம் ஒரு வழியா தேதி குடுத்தாங்க. டிசம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை.

அக்காகிட்ட அப்பவே ரெண்டு பாதியையும் சொன்னேன். நோய் தெரியலை, ஆனா படத்துல சரியாத் தெரியாதுன்னு. அவ முதல் பாதியப் பிடிச்சு முடிஞ்சு வெச்சுக்கினா.

இப்பத்தான் இன்னொண்ணும் வெளிய வருது. போன வருஷம் ஒலக்கூருக்கே இலவச மேமோகிராம் முகாம் வண்டி வந்திருக்குது. ஊர்ப் பொம்பளைங்க வரிசையில நின்னுருக்காங்க. அக்கா போய், எங்க தங்கச்சிக்கு கனடாவுலயே எடுத்தாச்சு, நாங்க ரெண்டு பேரும் ஒரே அளவுன்னு சொல்லிட்டு, மோர்ப் பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கினு திரும்பி வந்துட்டா. எல்லாரும் தலையாட்டியிருக்காங்க. ஒருத்தருக்குக் கூடச் சிரிப்பு வரல. கனடா மிஷின்ல எடுத்ததுன்னா ஒரு குடும்பத்துக்கே செல்லும்போல.

4

அக்காவுக்கு சுகர் வந்தது அவ ரெண்டாவது பையன் பொறந்த கொஞ்ச நாள்ல. இன்சுலின் போட ஆரம்பிச்சே பல வருஷம் ஆச்சு. தோசை மாவுக்குப் பக்கத்துல பிரிட்ஜுல அந்த மருந்து நிக்கும். காலையில கொல்லை வேலைக்குப் போற அவசரத்துல ஊசியப் போட்டுக்கினு, சாப்பிடாமயே ஓடுவா. களை எடுக்கற ஆளுங்களுக்கு, அவ புருஷன் மாமாவுக்கு, மாட்டுக்கு எல்லாம் ஆன பிறகு, சாயந்திரம் மீந்த சோத்தைக் குழம்பு ஊத்தி ஒரே மூச்சா சாப்பிடுவா. அப்புறம் சுகர் ஏறாம என்ன செய்யும்?

நான் வேலை செய்யற இடத்துல சுகர்காரங்க தட்டுல தனி அட்டை வைப்போம். மணி தவறினா மேல கேள்வி வரும். முன்ன பின்ன தெரியாத கிழவர் ஒருத்தருக்கு நான் மணி பார்த்து ஊட்டறேன். என் கூடப் பொறந்தவ தட்டை யாரும் திரும்பிப் பார்க்கறது இல்ல. இதை நினைச்சா சில நாள் அந்தத் தட்டைத் தூக்கி எறிஞ்சுடலாமான்னு வரும்.

பார்க்காததோட விட்டாலும் பரவாயில்ல. சுகர் வந்ததே அவ செஞ்ச குத்தம்ங்கற மாதிரி பேசறாங்க. தலைவலின்னா சுகர். காலு எரியுதுன்னா சுகர். கோபம் வந்தா அதுவும் சுகர். ஒரு பொம்பளை உடம்புல ஒரு வியாதிப் பேரை ஒட்டிட்டா, அதுக்கப்புறம் அவ உடம்புல புதுசா எதுவும் வரக்கூடாதுன்னு சட்டமா? கட்டின புருஷன்ல இருந்து கம்பவுண்டர் வரைக்கும் ஆளாளுக்கு வாயைக் கட்டு, வாயைக் கட்டுன்றாங்க. கட்டிக்கினுதான இருந்தா பொங்கல்லேர்ந்து.

மாமாகிட்ட பேசினேன். அவரு கெட்ட மனுஷன்னு சொல்லமாட்டேன், அதனாலயே எனக்கு இன்னும் ஆத்திரம். "மல்லாட்டை பிடுங்கற நேரம்மா, ஆள் கெடைக்கறதே பேஜாரா இருக்குது. பத்து நாள் போவட்டும், நானே இஸ்துக்கினு போறேன்" அப்படின்னாரு. மல்லாட்டைய மண்ணுல விட்டா முளைச்சுடும், அந்த அவசரம் அவருக்குப் புரியுது. மாருல இருக்கறது காத்துக்கினு இருக்கும்னு யாரு மாமா உங்களுக்குச் சொன்னதுன்னு கேட்டுட்டேன். எங்க வீட்டுல மூத்த மாப்பிள்ளையை நான் எதிர்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை. அவரு போனை அக்கா கையில குடுத்துட்டாரு.

நான் அழுதேன், கத்தினேன். நானே ஊருக்கு வர லீவு கேட்டுப் பார்த்தேன், கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் யாருக்கும் கிடையாதுன்னுட்டாங்க. அக்கா, நீ போகலைன்னா அடுத்த தீபாவளிக்கு எனக்குச் சீர் வேணாம்னு சொன்னேன். அவளுக்கு அது சுருக்குன்னு பட்டுடுச்சு. மறுநாள் காலையில கேப்பைக் கூழ் கரைச்சு மூடி வெச்சுட்டு, போய்ட்டு வர்றேன்னு மாமாகிட்ட சொல்லிட்டு, தனியாவே திண்டிவனம் வந்து விழுப்புரம் பஸ் ஏறிட்டா.

5

விழுப்புரத்துல அவளைப் பார்த்தது ஒரு லேடி டாக்டர். படம் எடுத்து, அல்ட்ராசவுண்டும் எடுத்து, அக்காவோட போன்லயே எனக்கும் விவரம் சொன்னாங்க. நல்ல மனுஷி, அவசரப்படாம பேசினாங்க. ஆனா அவங்க குரல்ல இருந்த அந்த நிதானமே எனக்குப் பயமா இருந்துச்சு.

அக்கா மாருல இடது பக்கம் ஒரு இடம் மட்டும் வெள்ளையா, இறுகிப் போய் தெரியுதாம். பார்க்கறதுக்குப் புத்துநோய் மாதிரியேதான் இருக்குதாம். ஆனா ரொம்ப வருஷமா சுகர் இருந்து இன்சுலின் போடறவங்கள்ல சில பேருக்கு மார்புச் சதை இப்படிக் கல்லா இறுகறது உண்டாம், அது புத்துநோய் இல்லையாம். கையால தொட்டோ படத்தைப் பார்த்தோ ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது, ஊசி விட்டுச் சதை எடுத்துத்தான் பார்க்கணும்னாங்க.

ஒரே அளவு கதைய நான் அவங்ககிட்டயும் சொன்னேன். அவங்களுக்கும் சிரிப்பு வரல. ஜாக்கெட் அளவுக்கும் அடர்த்திக்கும் சம்பந்தமே இல்லைங்கன்னாங்க. பெருசா இருக்கறது அத்தனையும் கொழுப்பாவும் இருக்கலாம், சின்னதா இருக்கறது அடர்த்தியாவும் இருக்கலாம். பொதுவா உடம்புல கொழுப்பு ஏற ஏற மாருலயும் கொழுப்பு கூடி, படம் கறுப்பாகி, பார்க்கறது சுலபமாகும். அதுக்காக நிம்மதியா இருக்கவும் முடியாது, ஏன்னா மாதவிலக்கு நின்ன பிறகு எடையும் சுகரும் தனியா ஒரு ஆபத்து. ஒல்லியா இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை கூட, அதுல கட்டி மறைஞ்சுக்கும். ஒவ்வொரு உடம்பும் தனித்தனிக் கணக்குங்க, அக்கா கணக்கைத் தங்கச்சிக்குப் போட முடியாதுன்னாங்க.

இதைத்தான் இத்தனை நாள்ல யாராவது ஒருத்தர் அவளுக்குச் சொல்லியிருக்கணும். சுகர்னு சொன்ன டாக்டர் சொல்லியிருக்கலாம். மோர்ப் பாக்கெட் குடுத்த முகாம்காரங்க சொல்லியிருக்கலாம். ஒரு கேள்வி கேட்டிருந்தாப் போதும்.

ஊசி விட்டு எடுத்தாங்க. அக்கா பல்லைக் கடிச்சுக்கினு இருந்தாளாம். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும்னாங்க. அந்த வாரம் நான் சாம்பாருல ரெண்டு தடவை உப்புப் போட்டேன். இங்க யாரு அக்கான்னா புரிஞ்சுக்கறாங்க? ஒரு மேனேஜரம்மா, உன் சகோதரி கூடவா வசிக்கறன்னு கேட்டா. இல்லைன்னதும், ஓ அப்படியான்னு போயிட்டா. கீர்த்தனா மட்டும், நான் எதுவும் கேட்காம, தினமும் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னால பெரியம்மாவுக்கு அவளே போன் பண்ணினா. அவளோட உடைஞ்ச தமிழ்ல என்ன பேசினாளோ, அக்கா சிரிக்கறது இந்தப் பக்கம் கேட்டுச்சு.

6

ரிசல்ட் வந்துச்சு. புத்துநோய் இல்ல. சுகரால இறுகின சதைதான். வருஷா வருஷம் பார்க்கணும், மறுபக்கமும் வரலாம், ஆனா இது உயிருக்கு ஆபத்து இல்ல.

நான் சமையல்கட்டுத் தரையிலயே உட்கார்ந்துட்டேன்.

அப்பால ஆரம்பிச்சுது பாருங்க கச்சேரி. மாமா போன்ல வந்து, நான்தான் அப்பவே சொன்னேனே சுகர்தான்னு அப்படின்னாரு. சொந்தக்காரங்க வாட்ஸாப்புல, கனடாக்காரி ஊரையே பயமுறுத்திட்டான்னு சிரிப்பு பொம்மை போட்டாங்க. அந்தத் திண்டிவனத்து டாக்டர்கிட்ட மாமாவே போய்ச் சொல்லியிருக்காரு. அவரு, பார்த்தீங்களா, எத்தனை வருஷத்து அனுபவம்னு காலரைத் தூக்கிவிட்டுக்கினாராம்.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. தொடாம, பார்க்காம, தலையை நிமிர்த்தாம சொன்னது பலிச்சுடுச்சுன்னா அது வைத்தியமா? அதே வார்த்தையத்தான அடுத்த டோக்கன் பொம்பளைக்கும் சொல்லியிருப்பாரு. அவளுக்கு இருக்கறதும் சுகர்தான்னு எந்த ஊசி விட்டுப் பார்த்தாரு? விழுப்புரத்து அம்மாவும் கடைசியில சுகர்னுதான் சொன்னாங்க, ஆனா பார்த்துட்டுச் சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணுன்றவங்ககிட்ட நான் பேச விரும்பல. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் போய் நிக்கணும்யா. வீட்டுல உட்கார்ந்துக்கினு ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்குப் பேரு வேற.

இவ்வளவு கோபமும் நெஞ்சுல இருக்கறப்பத்தான் அன்னைக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். அவ குரலைக் கேட்டதும் கோபமெல்லாம் கரைஞ்சு ஒரே சந்தோஷம். வாய் தானா பேசுது. "அப்பாடி, நமக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்கும் அந்த செவ்வாய்க்கிழமை ஸ்கேனை கேன்சல் பண்ணிடலாம்னு பாக்கறேன். கிறிஸ்துமஸ் நேரம், லீவு கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க."

எங்க அக்கா சின்ன வயசுல இருந்து என்னை அதட்டினதே கிடையாது. அன்னைக்கு அதட்டினா.

"நமக்குன்னு யாருடி சொன்னது? எனக்கு ஒண்ணும் இல்ல. என் மாருல ஊசி விட்டாங்க, என்னோடதப் பார்த்துச் சொன்னாங்க. அது உனக்குச் செல்லாது. உனக்கு என்னன்னு நீ போய்ப் பாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவ விடல.

"போய்ட்டு வந்து ரிசல்ட்டைச் சொல்லு. அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாத. அப்புறம் உன் ஜாக்கெட் ஒண்ணு அனுப்பி வை. இனிமே என்னோடதுல உனக்குத் தைக்கமாட்டேன்."

போனை வெச்சுட்டா. எத்தனையோ வருஷமா, நான் வெக்கற வரைக்கும் காதுலயே வெச்சுக்கினு இருக்கறவ.

அலமாரியில எனக்குச் சரியாப் பொருந்தற ஜாக்கெட் ஒண்ணைத் தேடி எடுத்து உறையில போட்டேன். மேல ஒலக்கூர் அட்ரஸ் எழுதினேன். அப்பால போய், செவ்வாய்க்கிழமை நான் வரமாட்டேன்னு மேனேஜரம்மாகிட்ட சொன்னேன். அவங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினாங்க. வெச்சுக்கட்டும்.